தொட்டாற்சுருங்கியும் தோட்டத் தொழிலாளியும்

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் தொட்டாற்சுருங்கியை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. லயத்து வாசலில், ஸ்டோருக்குப் போகும் செம்மண் சடக்கின் ஓரத்தில், பள்ளித் திடலில், மாரியம்மன் கோயில் மதிலடியில், தீம்பாரில் நிரைக்கு நிரை நடுவே என்று எங்கும் படர்ந்து கிடப்பது அது. விடியற்காலையில் பால் வெட்டப் போகும் சகோதரியின் கணுக்காலைக் கீறுவதும் அச்செடியே. வீடு திரும்பியதும் அக்கீறலுக்கு அவள் அரைத்துப் பூசுவதும் அச்செடியே.

சம்பள உயர்வையும் வீட்டுரிமையையும் பேச வேண்டிய சங்கப் பத்திரிகையில் ஒரு முட்செடியைப் பற்றிப் பேசுவானேன் என்று சில தோழர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. இச்செடியின் குணம் நம் பாட்டிமார் நமக்கு விட்டுச் சென்ற அறிவு. அவ்வறிவைச் சிலர் ஏளனம் செய்கின்றனர். வேறு சிலரோ அதையே சாக்காகக் காட்டி, "உங்களுக்குத்தான் பச்சிலை இருக்கிறதே, மருந்தகம் எதற்கு?" என்கின்றனர். ஏளனம் செய்வோர்க்கும் சாக்குச் சொல்வோர்க்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பச்சிலை நம் அறிவு. மருத்துவமனை நம் உரிமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்க இடங்கொடோம் என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

கடல் கடந்து வந்த செடி

தொட்டாற்சுருங்கி மலாயா மண்ணின் பூர்வீகச் செடியன்று, தமிழ்நாட்டுச் செடியுமன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளே அதன் தாயகம். மனிதனோடு கடல் கடந்து வெப்ப நாடுகள் எங்கும் அது பரவிற்று. சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் 1753-இல் அதற்கு மிமோசா பூடிகா என்று பெயரிட்டார். பூடிகா என்றால் நாணமுடையது என்று பொருள். மலாய்க்காரர்கள் அதனைச் செமாலு என்கின்றனர். மாலு என்றால் வெட்கம். சீனர்கள் இட்ட பெயருக்கும் வெட்கத்தை உள்ளடக்கிய புல் என்றே பொருள். தமிழன் மட்டும் வெட்கத்தைப் பேசாமல் கண்ணாற் கண்டதைச் சொன்னான்: தொட்டால் சுருங்குகிறது, ஆகவே தொட்டாற்சுருங்கி!

நாம் வெட்டும் பால்மரமும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அந்த மரத்துக்குச் சேவகம் செய்யத் தமிழ்நாட்டிலிருந்து சஞ்சிக்கூலியாகவும் கங்காணிக் கூலியாகவும் நம் முன்னோர் வந்தனர். மரமும் செடியும் மனிதனும் ஆக மூவரும் கடல் கடந்து வந்தவர்களே. ஆனால் வந்த இடத்தில் மரம் எசமானாயிற்று, செடி களையாயிற்று, மனிதன் கூலியானான்.

அவரை, உளுந்து, அகத்தி, புளி ஆகியவை பிறந்த குலத்திலேதான் தொட்டாற்சுருங்கியும் பிறந்தது. ஊதா கலந்த இளஞ்சிவப்பில் சிறு பஞ்சுருண்டை போலப் பூக்கும். பூ உதிர்ந்தபின் ஓரமெல்லாம் சுணை முளைத்த குட்டை நெற்றுகள் கொத்தாகத் தோன்றும். இக்குலத்துச் செடிகள் பலவற்றைப் போல, அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குகின்றன. அதே குலத்துப் பூரேரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் கொடிகளைத் தோட்ட நிர்வாகமே விதை வாங்கி இளமரங்களுக்கிடையே மூடுபயிராக விதைக்கிறது. தொட்டாற்சுருங்கியையோ காசு கொடுத்துக் கொல்கிறது. முள் உள்ளவனை முதலாளிக்குப் பிடிக்காது போலும்!

தொட்டவுடன் இலை மூடுவது வெட்கத்தாலன்று. இலைக்காம்பின் அடியில் சிறு புடைப்பு ஒன்று உண்டு. அதிலுள்ள நுண்ணறைகள் நீர் நிரம்பி விறைத்திருக்கும். தொட்ட அதிர்ச்சியில் அவ்வறைகளிலிருந்து பொட்டாசியம் உப்பு வெளியேற, நீரும் அதன் பின்னே வெளியேறும். விறைப்புத் தளர்ந்ததும் இலை மடிந்து தொங்கும். சில நிமிடங்கள் கழிந்தால் பழையபடி நிமிர்ந்து கொள்ளும்.

கைவைத்தியம் கண்ட பயன்

நம் சித்த வைத்தியர்களும் வீட்டுப் பெரியவர்களும் இச்செடியின் இலை, வேர் இரண்டையும் கையாண்டு வந்துள்ளனர். இலையை அரைத்து வெட்டுக் காயத்தின்மேல் வைத்துக் கட்டுவது யாவரும் அறிந்த முறை. மூட்டு வீக்கத்துக்கும் விரை வீக்கத்துக்கும் இலையை அரைத்துப் பற்றுப் போடுவர். இரத்த மூலத்துக்கு இலையும் வேரும் உலர்த்திப் பொடித்துப் பாலில் கலந்து கொடுப்பர். சீதபேதிக்கு இலையை அரைத்துத் தயிரில் கலந்து தருவர். மாதவிலக்கில் இரத்தம் மிகுதியாகப் போகும் பெரும்பாட்டுக்கும் இதுவே கைமருந்து. கல்லடைப்புக்கு வேரைக் கஷாயம் வைத்துக் குடிப்பர்.

அண்டை அயலாரும் இதனை அறியாதவர்களல்லர். தூக்கம் வராமல் தவிப்பவர்க்குச் செடியை வேகவைத்து அந்நீரைக் கொடுக்கும் வழக்கம் சாவகத்து மக்களிடமும் சீனரிடமும் உண்டு. ஒரே தோட்டத்து மூன்று லயங்களில் மூன்று மொழி பேசுவோர் ஒரே செடியைப் பறித்து மூன்று விதமாகப் பக்குவம் செய்திருக்கின்றனர்.

இவையெல்லாம் வெறும் நம்பிக்கையோ? அப்படித் தள்ளிவிட முடியாது. மேலே சொன்ன நோய்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். காயத்து இரத்தம், மூலத்து இரத்தம், பெரும்பாடு, சீதபேதி என்று பெரும்பாலும் கசிவையும் ஒழுக்கையும் நிறுத்தும் வேலையாகவே இருக்கிறது. தொட்டாற்சுருங்கியில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி. கடுக்காயிலும் மாதுளைத் தோலிலும் இருப்பது அதே துவர்ப்பு. துவர்ப்பு தசையைச் சுருங்கச் செய்யும், கசிவைக் கட்டும். படிப்பறிவில்லாதவள் என்று நாம் எண்ணும் பாட்டி, நாக்கில் வைத்துப் பார்த்தே அந்தக் குணத்தைக் கண்டுகொண்டாள். இந்தியாவில் ஆய்வாளர்கள் இச்செடியின் வேர்ச்சாற்றை எலிகளின் காயத்தில் பூசிப் பார்த்து, காயம் விரைந்து ஆறக் கண்டுள்ளனர். ஆகவே ஏளனம் செய்வோர் வாயை மூடிக்கொள்வது நலம்.

எல்லை எங்கே?

ஆயினும் தோழர்களே, ஆய்வுக்கூடத்து எலி வேறு, ஆறு வயதுப் பிள்ளை வேறு. எலிக்கு நலம் தந்தது மனிதனுக்கும் தரும் என்று காட்டவல்ல முறையான பெரிய சோதனைகள் இச்செடிக்கு இன்னும் போதிய அளவு நடக்கவில்லை. மேலும் இதில் மிமோசின் என்ற நச்சுத்தன்மையுள்ள பொருளும் இருக்கிறது. அதனை மிகுதியாகத் தின்ற கால்நடைகளுக்கு மயிர் உதிர்வதுண்டு. வேர்ச்சாறு பெண் எலிகளின் பருவச் சுழற்சியைக் குலைத்ததாகவும் ஆய்வு உண்டு. ஆகவே கர்ப்பிணிகளும், கருத்தரிக்க எண்ணும் பெண்களும், சிறு பிள்ளைகளும் இதனை உள்ளுக்குச் சாப்பிடலாகாது. வெளிப்பூச்சு வேறு, உள்மருந்து வேறு.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. கைமருந்து நோயைத் தீர்க்காமல் நோயின் அடையாளத்தை மட்டும் மறைத்துவிடலாம். எனக்குத் தெரிந்த தோழர் ஒருவர் இரத்த மூலம் என்றெண்ணி எட்டு மாதம் தொட்டாற்சுருங்கிப் பொடியைப் பாலில் கலந்து குடித்து வந்தார். இரத்தம் சில வாரம் நின்றது; மீண்டும் வந்தது; மீண்டும் நின்றது. டவுன் கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும், பஸ்ஸுக்கும் காசு வேண்டும் என்று நாளைக் கடத்தினார். இறுதியில் அரசாங்க மருத்துவமனையில் சோதித்தபோது குடலில் கட்டி முற்றியிருந்தது. அவர் மனைவி என்னிடம், "பச்சிலைமேல குத்தமில்லே தம்பி, போக வழியில்லாம போச்சு" என்றார். அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. குற்றம் பச்சிலையினுடையதன்று; மருத்துவமனைக்கு வழியில்லாத வாழ்க்கையினுடையது.

ஆகவே எல்லையைத் தெளிவாக வகுத்துக் கொள்வோம். சிறு கீறலுக்கு இலை போதும். ஆழமான வெட்டுக்கும் துருப்பிடித்த பால்கத்தி வெட்டுக்கும் தையலும் நரம்பிசிவுத் தடுப்பூசியும் வேண்டும். மலத்தில் இரத்தம் கண்டால் ஒரு முறையேனும் டாக்டர் பார்த்தாக வேண்டும். பெரும்பாடு மாதந்தோறும் தொடர்ந்தால் கருப்பையில் கட்டியா, இரத்த சோகையா என்று சோதிக்க வேண்டும். பிள்ளைக்குப் பேதி கண்டால் முதலில் கொடுக்க வேண்டியது தண்ணீர். கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, பிள்ளை துவண்டால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

பாம்புக்கடிக்கு இதன் வேர் கைகண்ட மருந்து என்று சொல்வாரும் உளர். வேர்ச்சாறு நல்லபாம்பின் நஞ்சை ஓரளவு முறிப்பதைச் சோதனைக்குழாயில் கண்டிருக்கிறார்கள் என்பது மெய். ஆனால் குழாயில் நஞ்சோடு சாற்றைக் கலப்பது எளிது. கடிபட்டவன் உடம்பில் ஓடும் நஞ்சை அது துரத்திப் பிடிக்குமா? 1950களிலும் 1960களிலும் பினாங்குப் பொது மருத்துவமனையில் டாக்டர் அலிஸ்டர் ரீட் பாம்புக்கடி நோயாளிகளை ஒவ்வொருவராகக் கவனித்துக் குறிப்பெடுத்தார். வட மாநிலங்களில் குழிவிரியன் கடித்து வந்தவர்களில் பால்வெட்டுத் தொழிலாளர் பலர். அந்நஞ்சு இரத்தத்தை உறையவிடாமல் செய்வதை அவர் ஆராய்ந்து எழுதினார். பின்னர் அதே நஞ்சிலிருந்து, இரத்தக் கட்டியைத் தடுக்கும் ஆங்ரோட் என்ற மருந்தே உண்டாயிற்று. எழுதி வைத்து ஆராய்ந்தால் நஞ்சும் மருந்தாகும். எழுதாமலும் ஆராயாமலும் விட்டால் மருந்தும் வீணாகும். பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வேரை அரைத்து நேரத்தைப் போக்காதீர்கள். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, நஞ்சு முறிவு ஊசி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எது மருந்து?

நம் தோட்டப் பேச்சில் ஒரு விந்தையைக் கவனித்திருப்பீர்கள். நோய் தீர்ப்பதையும் மருந்து என்கிறோம். களை கொல்வதையும் மருந்து என்கிறோம். புல்லுக்கு "மருந்தடிக்கப்" போகிறாள் தங்கை. முதுகில் பம்பைச் சுமந்து, நிரை நிரையாக அவள் அடித்துச் செல்லும் "மருந்து" பாட்டியின் மருந்துச் செடியைக் கொல்கிறது. அடிப்பவளின் நகத்தையும் தோலையும் மூச்சையும் சேர்த்துப் பதம் பார்க்கிறது. நஞ்சுக்கு மருந்தென்று பெயர் வைத்ததால் அதனிடம் நமக்கு அச்சம் போயிற்று.

பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை நாம் மறந்துவிடலாகாது. சிறிதளவு உள்ளே போனாலும் நுரையீரலைக் கெடுத்துக் கொல்லவல்லது அது. அதற்கு முறிவு மருந்தே கிடையாது. தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்கள் பட்ட துன்பத்தை ஐரின் பெர்னாண்டஸ் தலைமையில் இயங்கிய தெனாகனித்தா அமைப்பு 2002-இல் அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு மலேசிய அரசு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. பின்னர் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. ஒரு நஞ்சை நிறுத்தப் பதினெட்டு ஆண்டுகள்! இடையில் அடித்தவர்கள் கைகள் யாருடையவை? நம் அக்காள் தங்கைகளின் கைகள்.

இன்று கிளைபோசேட் முதலானவை அடிக்கப்படுகின்றன. கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அதனைச் சேர்த்தது. வேறு சில நாட்டு அதிகாரிகள் அதை ஒப்பவில்லை. அறிஞர்களின் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாத செய்தி ஒன்று நமக்குண்டு. கிளைபோசேட் அடித்த செடி அன்றே வாடாது. மஞ்சளாகப் பல நாள் செல்லும். மறுநாள் வந்து பார்ப்பவர்க்கு இலை பச்சைப் பசேலென்றே இருக்கும். மருந்தென்று பறித்து அரைத்தால் அரைபடுவது நஞ்சு! தீம்பாரிலும் சடக்கோரத்திலும் தொட்டாற்சுருங்கியைப் பறித்து உள்ளுக்குச் சாப்பிடும் வழக்கத்தை நம் மக்கள் இன்றே விட்டொழிக்க வேண்டும்.

சீட்டில்லாத வைத்தியம்

செக்ரோல் எழுதும் கிராணி என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வீட்டில் பச்சிலை அரைத்துக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் படுத்தவர் பெயருக்கு நேரே விழுவது "வரவில்லை" என்ற குறி. டாக்டரிடம் காட்டியவர் பெயருக்கு நேரே விழுவது சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு. நோய் ஒன்றுதான், கூலி இரண்டு விதம்.

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர்க்கு ஆண்டுக்கு 14 நாளும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டவர்க்கு 18 நாளும், ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆனவர்க்கு 22 நாளும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள். அதற்குத் தேவை பதிவு பெற்ற டாக்டரின் சீட்டு. 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தகவல். டாக்டர் பார்க்கும் செலவு முதலாளியைச் சேர்ந்தது. பச்சிலை கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டிக்கொண்டே போய்ச் சீட்டு வாங்குங்கள் என்கிறேன். டாக்டரிடம் உண்ட பச்சிலையின் பெயரையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தோட்ட மருந்தகம் என்பது துரைமார் இரங்கிக் கொடுத்த தருமமன்று. மலேரியாவிலும் பேதியிலும் கும்பல் கும்பலாக மாண்ட நம் முன்னோரின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்றது. தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம் 1990-இல், முதலாளிகள் சுகாதார, மருத்துவமனை, மருத்துவ வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று தனிப் பகுதியே எழுதப்பட்டுள்ளது. பால்மரம் குறைந்து செம்பனை பெருகியதும், தோட்டம் கைமாறுவதும், ஆள் குறைவதும் அவ்வசதியை மெல்ல மெல்லக் கரைக்கச் சாக்காகலாகாது. டிரஸ்ஸர் ஓய்வு பெற்றபின் அவரிடத்துக்கு ஆள் போடாமல் கதவைப் பூட்டி வைப்பதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

செய்ய வேண்டியவை

அதே 1990-ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளர் பயிரிடவும் கால்நடை மேய்க்கவும் நிலம் ஒதுக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அந்நிலத்தில் ஒரு மூலையை மூலிகைப் பாத்தியாக்குவோம். தொட்டாற்சுருங்கி, துளசி, கற்பூரவல்லி, ஆடாதோடை ஆகியவற்றை அங்கே வளர்ப்போம். அதன் அருகே களைக்கொல்லி அடிக்கலாகாது என்று நிர்வாகத்தோடு எழுத்தில் முடிவு செய்து கொள்வோம். மருந்தடித்த நிரைகளில் நாளும் மருந்தின் பெயரும் எழுதிய பலகை நட வேண்டுமென்று கோருவோம். எழுத்து தமிழிலும் இருக்கட்டும். இன்று நம்மோடு உழைக்கும் வங்காளத் தோழர்க்கும் இந்தோனேசியத் தோழர்க்கும் புரியும் மொழியிலும் இருக்கட்டும். நஞ்சுக்கு இன வேற்றுமை கிடையாது.

ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். அறுபது, எழுபது வயதுத் தாய்மாரிடம் அமர்ந்து, எந்தச் செடி, எந்தப் பாகம், என்ன அளவு, யாருக்கு ஆகாது என்பதைக் கேட்டு எழுதட்டும். தமிழ்ப்பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகள் இவ்வேலையை அழகாகச் செய்வார்கள். 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் இந்திய மருத்துவ முறையும் இந்நாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்ட முறையாகிவிட்டது. ஆகவே உள்மருந்து வேண்டுவோர் தேர்ச்சி பெற்ற வைத்தியரை நாடட்டும். கடையில் புட்டியில் விற்கும் மூலிகை மருந்தை அரசாங்கப் பதிவெண் பார்த்தே வாங்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நேரத்திலும் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல ஒரு வண்டி தோட்டத்தில் நிற்க வேண்டும். இது சலுகையன்று, கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்கு அடுத்த வரியில் வர வேண்டிய கோரிக்கை.

தொட்டால் சுருங்குகிறதே என்று இச்செடியைக் கோழை என்பார் உண்டு. வெட்டினாலும் மிதித்தாலும் வேர் பிடித்துத் தழைப்பதையும், தன்னைப் பிடுங்க வருபவன் கையில் முள் தைப்பதையும் அவர்கள் கண்டதில்லை. தோட்டத் தொழிலாளியையும் அப்படித்தான் எண்ணினார்கள். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்று திரண்டபோது அவ்வெண்ணம் பொய்யாயிற்று. அன்று கூலிக்காகத் திரண்டவர்கள் இன்று உடல்நலத்துக்காகவும் திரள வேண்டும். பாட்டியின் பச்சிலையைக் காப்போம். பூட்டிய மருந்தகத்தைத் திறக்க வைப்போம்!